அம்மாவின் கல் மஞ்சள், சின்னம்மாவின் கல் கருப்பு: பித்தப்பைச் சுவரில் ஏன் இத்தனை வேறுபாடு?

பதிவு 1 — மண்டபத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு பித்தப்பை அறுவை சிகிச்சைகள் நடந்து முடிந்துள்ளன. முதலில் அம்மாவுக்கு, பிறகு அவருடைய உடன்பிறந்த தங்கையான என் சின்னம்மாவுக்கு. இரண்டு முறையும் எடுத்த கற்களைச் சிறு குப்பிகளில் போட்டுக் கொடுத்தார்கள். அவை இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு காரணம் சொல்லிப் போகிறார்கள்.

அம்மாவின் குப்பியில் 14 கற்கள் உள்ளன. கருப்பட்டிப் பாகு தொட்ட மஞ்சள் நிறம். ஒன்றோடொன்று உரசி உரசிப் பட்டை விழுந்து, முனை மழுங்கிய தாயக்கட்டைகளைப் போல் இருக்கின்றன. சின்னம்மாவின் குப்பியிலோ மிளகை ஒன்றிரண்டாக இடித்தது போன்ற கரிய துணுக்குகள்தாம். விரலில் ஒட்டினால் தட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றும் அளவுக்குச் சிறியவை.

எனக்குப் புரியாதது பயாப்சி ரிப்போர்ட். அம்மாவின் பித்தப்பைச் சுவர் 6 மி.மீ. தடிமன் என்றும், நாட்பட்ட அழற்சி, கொலஸ்ட்ரோலோசிஸ், ரொக்கிடான்ஸ்கி ஆஷாஃப் குழிவுகள் என்றும் நீளமாக எழுதியிருக்கிறது. சின்னம்மாவின் சுவர் வெறும் 2 மி.மீ. ‘லேசான நாட்பட்ட அழற்சி’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு இருந்ததெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வந்து போகும் வலிதான். அதை ‘வாயு’ என்றே நான்கு ஆண்டுகள் கடத்தினார். சின்னம்மாவோ கணைய அழற்சியோடு ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். பை கெட்டுப்போனவருக்கு நோய் லேசாகவும், பை நன்றாக இருந்தவருக்கு உயிருக்கே ஆபத்தாகவும் ஆனது எப்படி? கல்லின் வகைக்கும் சுவரில் ஏற்படும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 — வாலிநோக்கத்தான்

தம்பி, நம் கரையில் குடிதண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதே தண்ணீரை நாற்பது ஆண்டுகள் குடித்தால் வயிற்றுக்குள்ளும் கல்லாகத்தானே படியும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கணக்கு. என் மாமனாருக்கும் இதே கல் இருந்தது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

பதிவு 3 — ஆய்வக மேசை

நான் மருத்துவன் அல்லன். நோய்க்கூற்றியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராகப் பதினெட்டு ஆண்டுகள் மேசையில் நின்றவன். ஆனால் இந்த இரண்டு குப்பிகளில் இருப்பவற்றைப் போன்ற கற்களையும், அவை கிடந்த பைகளையும் வாரத்துக்கு நான்கைந்து முறை கையில் வாங்கியிருக்கிறேன். ஆகவே கண்ணால் கண்டதில் இருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தண்ணீர் பற்றி. கிணற்று உப்பு பித்தப்பைக்குள் நேராகப் போவதில்லை. சிறுநீரகக் கல்லையும் பித்தக்கல்லையும் ஒரே கல்லாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் வேலை செய்வது சிறுநீரகக் கல்லுக்கு நிச்சயம் காரணமாகலாம். பித்தக்கல் கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் இருந்து உருவாவது. அதில் பெரும்பங்கு ஒன்று கொலஸ்ட்ராலாக இருக்கும், அல்லது பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் பிலிருபின் என்னும் நிறமியாக இருக்கும். நாம் குடிக்கும் உப்பு அதில் கணக்கில் வராது.

இனிக் கற்கள். அம்மாவின் கல் ஒன்றை ஆய்வகத்தில் கத்தி நுனியால் பிளந்திருந்தால் உள்ளே நடுவில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கரு இருந்திருக்கும். அதில் இருந்து வெளிப்பக்கம் நோக்கிக் கதிர் கதிராகப் பளபளக்கும் படிகங்கள், அதற்கு மேல் வளையம் வளையமாகப் படிந்த அடுக்குகள். முத்துக்கு அடுக்கு ஏறுவது போலத்தான் என்று கீழக்கரையைச் சேர்ந்த ஒரு சக ஊழியர் சொல்வார், ஆனால் முத்துக்கு ஆகும் அழகு இதற்கு இல்லை. இது கொலஸ்ட்ரால் மிகுந்த கலப்புக் கல். தூய கொலஸ்ட்ரால் கல் பெரும்பாலும் ஒற்றையாக, வெளிறிய நிறத்தில், உருண்டையாக வரும். சின்னம்மாவின் கல் கருநிறமிக் கல். பிளக்க முயன்றால் பிளக்காது, நொறுங்கும். உள்ளே அடுக்கும் கிடையாது, கதிரும் கிடையாது. கண்ணாடித் துண்டு போன்ற ஒரே கருமைதான்.

பைக்கு வருவோம். நல்ல பித்தப்பையை நீளவாட்டில் திறந்தால் உட்புறம் பச்சை வெல்வெட்டுத் துணியைப் போல் இருக்கும். விரலால் தடவினால் துணியின் மயிர் ஒரு பக்கம் சாய்வது போல் அந்த மடிப்புகள் சாயும். வீட்டில் மீன் அரியும்போது பித்து உடையக் கூடாது என்று எவ்வளவு கவனமாக எடுக்கிறோம்! மனிதப் பித்தப்பையும் அதே போல் மெல்லியதுதான். குடலுக்கு இருப்பது போன்ற இரண்டாம் அடுக்குத் தாங்குதிசு அதற்கு இல்லை. ஒற்றை வரிசைத் தூண்வடிவ உயிரணுக்கள், அதன் கீழ் மெல்லிய இணைப்புத்திசு, உடனே தசை, அதற்கு வெளியே கொழுப்பும் நார்த்திசுவும் என்று முடிந்துவிடும். ஆகவே உள்ளே நடப்பது எதுவானாலும் சீக்கிரமாகத் தசையை எட்டிவிடுகிறது.

கொலஸ்ட்ரால் கல் இருந்த பையைத் திறந்தால் பல நேரங்களில் அந்த வெல்வெட்டின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெரியும். மருத்துவ நூல்கள் இதை ஸ்ட்ராபெரி பித்தப்பை என்கின்றன. ஸ்ட்ராபெரி நம் ஊர்ச் சந்தைக்கு வந்ததே அண்மையில்தான் என்பதால், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சிவந்த துணியில் ரவை சிந்தியது போல என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். நுண்ணோக்கியில் அந்த ரவை ஒவ்வொன்றும் கொலஸ்ட்ராலை விழுங்கி நுரைத்துப் போன உயிரணுக்களின் கூட்டம். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள ‘கொலஸ்ட்ரோலோசிஸ்’ இதுதான். அது புற்றுநோயும் அன்று, அதற்கு முந்திய கட்டமும் அன்று. அந்த வார்த்தையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ரொக்கிடான்ஸ்கி ஆஷாஃப் குழிவு என்பது வேறு கதை. கல் பையின் வாயை அடைக்கும்போதெல்லாம் பை அதை எதிர்த்து அழுத்திச் சுருங்குகிறது. அந்த அழுத்தத்தில் தசையின் இடுக்குகள் வழியாக உட்படலம் பிதுங்கிச் சுவருக்குள்ளேயே சிறு பைகளாக இறங்கிவிடுகிறது. பழைய சைக்கிள் டயரின் கிழிசல் வழியே டியூப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே காட்சி. அந்த இடுக்குகளில் பித்தநீர் தேங்கும், சில நேரம் சிறு கல்லே உட்கார்ந்திருக்கும். தசை தடித்து, நார்த்திசு ஏறி, 6 மி.மீ. ஆனதன் பொருள் நான்கு ஆண்டுகள் அந்தப் பை ஓயாமல் மல்லுக்கட்டியிருக்கிறது என்பதே.

கருநிறமிக் கல் இருந்த பை பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. மெல்லியதாக, மடிப்புகள் அழியாமல், கற்களைக் கழுவி எடுத்துவிட்டால் நல்ல பைதானோ என்று ஐயப்படும்படி இருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. கருங்கல்லோடு சீழ் பிடித்த பையையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொதுவான போக்கு நான் சொன்னதுதான்.

பதிவு 4 — மண்டபத்து மகன்

மிக்க நன்றி அண்ணா. ரிப்போர்ட் கைக்கு வந்து பல மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான் அது என்ன சொல்கிறது என்று புரிகிறது. ஒரு ஐயம். அம்மா ஒல்லியானவர். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாக இருப்பதாகத்தான் எப்போதும் சொல்வார்கள். பிறகு எப்படிக் கொலஸ்ட்ரால் கல் வந்தது?

பதிவு 5 — கத்தி பிடித்தவர்

பொது அறுவை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில விளக்கங்களைச் சேர்க்கிறேன். ஆய்வக நண்பர் கண்டு எழுதியவற்றில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால் வேறு, பித்தநீரில் கரைந்துள்ள கொலஸ்ட்ரால் வேறு. முதலாவது இயல்பாக இருந்தும் இரண்டாவது மிகுந்திருக்கலாம். பெண்களுக்குப் பேறுகாலங்களில் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் இருந்து பித்தநீருக்குள் கூடுதல் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. புரோஜெஸ்டரான் பையின் சுருக்கத்தை மந்தமாக்குகிறது. மூன்று நான்கு பிள்ளை பெற்ற ஒல்லியான பெண்களிடம் இக்கல்லைக் காண்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. கொலஸ்ட்ரால் என்ற பெயரே கிரேக்க மொழியில் பித்தம், கெட்டியானது என்ற இரு சொற்களில் இருந்து வந்தது. பித்தக்கல்லில்தான் அப்பொருளை முதலில் கண்டார்கள். இரத்தக் குழாயோடு அதன் பெயர் சேர்ந்தது பிற்பாடு.

கல்லால் பை கெட்டது என்று நாம் சொல்கிறோம். கொலஸ்ட்ரால் வகையில் அது பாதி உண்மைதான், கல் உருவாவதற்கு முன்பே பை கெடத் தொடங்கிவிடுகிறது. பித்தநீரில் மிகுந்த கொலஸ்ட்ரால் உட்படலம் வழியே ஊடுருவித் தசை உயிரணுக்களின் சவ்வில் போய்ச் சேர்கிறது. சாப்பிட்டதும் ‘சுருங்கு’ என்று பைக்குக் கட்டளை கொண்டுவரும் கோலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் வந்து சேர்ந்தாலும், அச்சவ்வு விறைத்திருப்பதால் கட்டளை உள்ளே சரியாக இறங்குவதில்லை. பை சோம்பிக் கிடக்கிறது. உட்படலமோ எரிச்சலால் சளியை மிகுதியாகச் சுரக்கிறது. அந்தச் சளிக்குள் நுண்படிகங்கள் சிக்கிக்கொண்டு வளர்கின்றன. ஸ்கேனில் ‘ஸ்லட்ஜ்’ என்று எழுதுவார்களே, அந்தக் குழம்பு இதுதான். ஆக, சுவர் கல்லை வளர்க்கிறது, வளர்ந்த கல் திரும்பச் சுவரை அரிக்கிறது. கருநிறமிக் கல்லில் இந்த முன்கதை இல்லை. கோளாறு பித்தநீரில் வந்து சேரும் பிலிருபினின் அளவில் இருக்கிறது. பையின் தசை பெரும்பாலும் நன்றாகவே சுருங்குகிறது.

நன்றாகச் சுருங்கியதுதான் உங்கள் சின்னம்மாவுக்கு வினையாயிற்று. 5 மி.மீ.க்கும் குறைந்த கல், நன்றாகச் சுருங்கும் பையின் வாயில் இருந்து எளிதாக வெளியே தள்ளப்பட்டுப் பொதுப் பித்தநாளத்தில் இறங்குகிறது. அந்நாளம் சிறுகுடலில் திறக்கும் இடத்தில்தான் கணைய நாளமும் வந்து சேர்கிறது. அங்கே ஒரு மிளகுத் துணுக்கு சிறிது நேரம் நின்றாலும் கணையம் கொந்தளித்துவிடலாம். அம்மாவின் தாயக்கட்டைகள் அந்த வழியில் நுழையவே முடியாதவை. அதனால் சேதம் முழுவதையும் பையே தாங்கிக்கொண்டது.

பையின் கழுத்தில் கல் சிக்கி விலகாமல் போனால் நடப்பது திடீர் அழற்சி. முதல் ஒன்றிரண்டு நாட்களில் அது பெரும்பாலும் கிருமியால் வருவதன்று. தேங்கிய பித்தநீரில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்புப்பொருள் சிதைந்து லைசோலெசித்தின் ஆகி, உட்படலத்தைச் சோப்பு நீர் போல அரிக்கிறது. கிருமி அதன் பின்னால்தான் வந்து சேர்கிறது. சுவர் வீங்கி இரத்த ஓட்டம் நெரிபட்டால் திசு அழுகவும் கூடும். பழைய அடைப்பில் பித்தநீர் உறிஞ்சப்பட்டு, வெறும் சளியால் நிரம்பி, பை வெள்ளைப் பலூன் போல் நிற்பதையும் மேசையில் கண்டிருக்கிறேன். இன்னொரு வகையில், சுவருக்குள் இறங்கிய குழிவு வெடித்துப் பித்தநீர் திசுவுக்குள்ளேயே கசிந்துவிடும். அதை விழுங்க வரும் அணுக்கள் மஞ்சள் கட்டியாகத் திரண்டு, கல்லீரலோடும் குடலோடும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனிலும் நேரில் பார்த்தாலும் புற்றுநோயைப் போலவே ஏமாற்றும் சாந்தோகிரானுலோமா அழற்சி அதுதான். எனக்கு மிகவும் வியர்க்க வைத்த அறுவை சிகிச்சைகளில் இரண்டு இந்த வகையைச் சேர்ந்தவை.

பதிவு 6 — தங்கச்சிமடத்துக்காரி

ஐயா எழுதியதைப் படித்தபின் எனக்கு ஒரு மனக்குறை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். கல்லைக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஒற்றைக் கல், நாவல்பழக் கொட்டையைவிடப் பெரியது. பை என்னவாயிற்று என்று கேட்டேன். ‘கல்லைத்தான் கொடுத்துவிட்டோமே அம்மா, பை எதற்கு? அதை அப்புறப்படுத்தியாகிவிட்டது’ என்றார்கள். பயாப்சிக்கு அனுப்பவில்லை. அதற்குத் தனியாகப் பணம் ஆகும், தேவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அன்று விவரம் தெரியாது. கல்லைக் கண்ணால் பார்த்த திருப்தியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது இங்கே சுவர், படலம், குழிவு என்று படிக்கும்போது, என் பையின் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதே என்று தோன்றுகிறது. பெரிய கல் என்றால் ஆபத்து அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதிவு 7 — கத்தி பிடித்தவர்

சகோதரி, ஏழு ஆண்டுகள் நலமாக இருக்கிறீர்கள் என்பதே நல்ல செய்தி. அச்சம் கொள்ள வேண்டாம். ஆனால் தங்கள் மனக்குறை நியாயமானது. எடுத்த பையைத் திறந்து பார்க்காமல் எறிவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். கல் நோயின் விளைபொருள். நோயின் கணக்கு திசுவில்தான் இருக்கிறது.

நீண்ட காலம் ஒரு கல் உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில் உட்படலம் முதலில் தேய்ந்து மெலிகிறது. பிறகு தன் இயல்பை மாற்றிக்கொண்டு, இரைப்பை அல்லது குடலின் உயிரணுக்களைப் போன்ற வேற்று அணுக்களை முளைக்க விடுகிறது. உருமாற்றம் என்று இதைக் குறிப்பார்கள். மிகச் சிலருக்கு அவ்வணுக்கள் ஒழுங்கு குலைந்து, பல ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து கூடுதல் என்பது 1980கள் முதல் அறியப்பட்ட செய்தி. சுவரில் சுண்ணாம்பு ஏறிப் பீங்கான் போல் ஆன பையையும் இதே காரணத்துக்காக எச்சரிக்கையுடன் பார்ப்போம். கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தப் பக்கமே போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பித்தக்கல் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை.

கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று மிகுதி. நம் பக்கம் குறைவு. கல்லே அங்கு மிகுதி. ரயில்வே ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 1968இல் வெளியான ஆய்வொன்று, தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் பித்தக்கல் நோய் ஏழு மடங்கு மிகுதி என்று கண்டது. வகையிலும் வேறுபாடு உண்டு. வடக்கே கொலஸ்ட்ரால் கல் ஓங்கி நிற்க, தெற்கே நிறமிக் கல்லின் பங்கு கூடுதலாக இருக்கிறது.

பதிவு 8 — இயற்கை வழி

கத்தி இல்லாமலே கல்லை வெளியேற்றலாம். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து இரவில் குடித்தால் காலையில் பச்சை நிறக் கற்கள் மலத்தோடு வந்து விழுவதை என் உறவினர் கண்ணால் கண்டார். பையை வெட்டி எறிவதற்கு முன் இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

பதிவு 9 — ஆய்வக மேசை

நண்பரே, அப்படி வந்து விழுந்த ‘கற்களை’ ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கே கொண்டு வந்தார். பச்சையாக, உருண்டையாக, மெழுகு போல இருந்தன. கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே உருகத் தொடங்கின. பித்தக்கல் கைச்சூட்டில் உருகாது. குடித்த எண்ணெயைக் குடலின் செரிப்புநீர் பிளக்க, அதில் இருந்து வரும் கொழுப்பமிலங்கள் திரண்டு சோப்பு உருண்டைகளாக வெளிவருகின்றன. 2005இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இதே போன்ற ‘கற்களை’ ஆய்ந்து பார்த்துவிட்டு, அவை பித்தக்கற்கள் அல்ல என்று எழுதினார்கள். எண்ணெயைக் குடித்தால் பை வலுவாகச் சுருங்கும் என்பது மட்டும் உண்மை. சிறு கல் உள்ளவர்கள் அதைச் செய்தால், மண்டபத்து மகனின் சின்னம்மாவுக்கு நேர்ந்தது நேரலாம். அவ்வளவு எண்ணெய் நெத்திலி வறுக்கத்தான் ஆகும்.

பதிவு 10 — வாலிநோக்கத்தான்

உப்புத் தண்ணீர்க் கணக்கு தவறென்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பளத்துக்காரன் என்ற முறையில் இதைப் படித்ததும் எனக்கு வேறொன்று புலப்பட்டது. கடல்நீர் பாத்தியில் நின்றவுடன் உப்பு பூத்துவிடாது. வெயிலில் நீர் வற்றி வற்றி, நீரின் செறிவைக் காட்டும் மானியில் 25 டிகிரி காட்டும்போதுதான் பூக்கும். அதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கரைந்தே கிடக்கும். பித்தப்பையும் தண்ணீரை உறிஞ்சிப் பித்தநீரைக் காய்ச்சுகிறது என்று எங்கோ படித்தேன். அப்படியானால் அதுவும் ஒரு பாத்திதானே?

பதிவு 11 — கத்தி பிடித்தவர்

இதைவிடத் தெளிவாக நான் என் மாணவர்களுக்குக்கூட விளக்கியதில்லை. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரக்கிறது. 30 முதல் 50 மி.லி. மட்டுமே கொள்ளும் பை, அதில் தன் பங்கை வாங்கி ஐந்து முதல் பத்து மடங்கு வரை செறிவாக்கி வைத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசித்தினும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்துக் கரைத்து வைக்கின்றன. இம்மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் வரைந்து, எந்த எல்லையைத் தாண்டினால் படிகம் பிரியும் என்று அட்மிரண்ட், ஸ்மால் என்னும் இருவர் 1968இல் காட்டினார்கள். உங்கள் மானியின் 25 டிகிரிக்கு அது இணை. ஒரு வேறுபாடு: இங்கே ‘உப்பு’ என்று பெயர் பெற்றது கல்லாக விழுவதில்லை, கல் விழாமல் காப்பதே அதுதான்.

பாத்தியில் பூத்த உப்பைப் பலகையால் வாரி எடுக்கிறீர்கள். பை அந்த வேலையைச் சுருங்கிச் செய்கிறது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பை நன்றாகச் சுருங்கினால் பூத்த நுண்படிகம் குடலுக்குப் போய்விடும். நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர்களுக்கும், உடல் எடையை மிக வேகமாகக் குறைப்பவர்களுக்கும் கல் வருவது வாருவதற்கு ஆள் இல்லாத பாத்தி போல.

கல்லைக் கரைக்கும் மாத்திரை பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் சிறிய, சுண்ணாம்பு ஏறாத கொலஸ்ட்ரால் கல்லை, அதுவும் பை நன்றாகச் சுருங்குபவர்களுக்கு, மாதக்கணக்கில் கொடுத்தால் கரைக்கக்கூடும். நிறுத்திய பின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்பவும் வருகிறது. நிறமிக் கல்லை அது தொடுவதே இல்லை.

பதிவு 12 — தொண்டி வாசகர்

என் தகப்பனாருக்குப் பித்தப்பையை எடுத்து எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், வலி மூன்றும் சேர்ந்து வந்தன. பித்தநாளத்தில் கல் என்று, வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஈ.ஆர்.சி.பி. முறையில் எடுத்தார்கள். பையே இல்லாதவருக்குக் கல் எங்கிருந்து வந்தது? எடுத்ததைப் பார்த்தால் கல்லாகவே இல்லை. களிமண் போலப் பழுப்பாகப் பிசைந்து வந்தது.

பதிவு 13 — கத்தி பிடித்தவர்

அது மூன்றாம் வகையான பழுப்பு நிறமிக் கல். அது பிறப்பது பெரும்பாலும் நாளத்தில்தான், பையில் அன்று. நாளத்தில் எங்கோ தேக்கம் இருக்கிறது, தேங்கிய பித்தநீரில் குடல் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றின் நொதி பிலிருபினைக் கட்டவிழ்த்துவிட, அது சுண்ணாம்போடும், சிதைந்த லெசித்தினில் இருந்து வரும் கொழுப்பமிலத்தோடும் சேர்ந்து பிசுபிசுப்பான களியாகப் படிகிறது. குடற்புழு நாளத்தில் ஏறி இறந்து அதையே கருவாகக் கொண்டு கல் சேர்வதும் உண்டு. கருநிறமிக் கல் கிருமியற்ற பித்தநீரில் பிறப்பது, பழுப்புக் கல் கிருமியோடு பிறப்பது. பெயரில் ‘நிறமி’ பொதுவாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். இங்கே சேதமடையும் திசு நாளத்தின் சுவர். அது தடித்து, நார் ஏறி, குறுகி, அக்குறுக்கமே அடுத்த தேக்கத்துக்குக் காரணமாகிறது. மறுபடி குளிர்காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

பதிவு 14 — ஆய்வக மேசை

மண்டபத்து மகனிடம் கேட்க வேண்டும் என்று முதல் நாளில் இருந்தே மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை இப்போது கேட்கிறேன். கருநிறமிக் கல் காரணமில்லாமல் வருவது உண்டு, வயதானவர்களிடம் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனால் சின்னம்மாவுக்கு வயது என்ன? கல்லீரல் சுருக்க நோய் உண்டா? சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட விரைவாக உடையும் நோய்களில்தான் இக்கல் இளம் வயதிலேயே வரும். அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் பித்தப்பை வரியை மட்டும் பார்க்காமல், மண்ணீரல் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? இரத்தசோகை இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

பதிவு 15 — மண்டபத்து மகன்

சின்னம்மாவுக்கு 44 வயது. கல்லீரல் நன்றாக இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். ‘மண்ணீரல் 14.2 செ.மீ., லேசான வீக்கம்’ என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. இதுவரை யாரும் அதைப் படித்ததாகவே தெரியவில்லை. ஹீமோகுளோபின் 9.6. அறுவைக்கு முன் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சிறு வயதில் இருந்தே காய்ச்சல் வந்தால் அவருக்குக் கண் மஞ்சளாகும் என்றும், பாட்டி ஒவ்வொரு முறையும் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார் என்றும் அம்மா சொல்கிறார். அதைக் குடும்பத்தில் ஒரு வேடிக்கையாகவே சொல்லிவந்தார்கள்.

பதிவு 16 — கத்தி பிடித்தவர்

தம்பி, தாமதிக்காமல் ஓர் இரத்தநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும், உடலே தன் சிவப்பணுக்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ப்ஸ் சோதனையும் வேண்டும். ஆய்வக நண்பர் நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன். கல்லை எடுத்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் கல் எதைச் சுட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

பதிவு 17 — மண்டபத்து மகன்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள்க. சின்னம்மாவின் இரத்தப் பூச்சில் நடுவில் வெளிறாத, உருண்டையான சிவப்பணுக்கள் நிறைய இருக்கின்றன. ரெட்டிகுலோசைட் கூடுதல், கூம்ப்ஸ் சோதனையில் ஒன்றும் இல்லை. சிவப்பணுக்கள் உருண்டையாகி விரைவில் உடையும், பரம்பரையாக வரும் ஸ்பீரோசைட்டோசிஸ் என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் இரத்தம் இயல்பாக இருக்கிறது. அவருடைய மஞ்சள் கல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது.

சின்னம்மாவின் மகனையும் பரிசோதித்தார்கள். படகுக்குப் போகும் பையன், வயது 19. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கடைசி வரை மறுத்தான். அவனுக்கும் அதே உருண்டை அணுக்கள். ஸ்கேனில் பித்தப்பையில் 3 மி.மீ. அளவில் நான்கைந்து கற்கள், சுவர் 2 மி.மீ., வலி இதுவரை வந்ததில்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குத் தொல்லை இருப்பதில்லை என்று ஐயா முன்பு எழுதினார். அப்படியானால் வலி இல்லாத இந்தக் கல்லை இவனுக்கும் விட்டுவைக்கலாமா?

பதிவு 18 — கத்தி பிடித்தவர்

வலி இல்லாத கல்லை விட்டுவைப்பது பொது வழக்கு. இவனுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். அணுக்கள் உடைவது நிற்கப் போவதில்லை, ஆகவே கல்லும் நிற்காது. சுவர் மெல்லியதாக இருப்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது என்பதை அவன் தாயாரிடமே பார்த்துவிட்டீர்கள். மண்ணீரலின் அளவு, ஹீமோகுளோபின் இரண்டையும் வைத்து, பையையும் மண்ணீரலையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் இரத்தநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும். இருவரையும் ஒரே நாளில் பார்க்க முடிந்தால் நல்லது. அதுவரை கடலில் நாள்கணக்கில் தங்கும் படகில் அவனை அனுப்ப வேண்டாம். கரையில் இருந்து பல மணி நேரத் தொலைவில் கணையம் கொந்தளித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. போய்விட்டு அன்றே திரும்பும் நாட்டுப்படகு என்றால் போகட்டும்.